'பேட்டரி போச்சு' என்னும் பொய்

"பேட்டரி போச்சு."

இரண்டே சொற்கள். பழைய டிராக்டர் ஒன்று காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் காதில் விழுவது இதுதான். சொல்பவர் கையில் மீட்டர் இருக்காது. பானெட்டைத் தூக்கி, செல்ஃப் அடித்து, அது 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டு அடங்கியதும் தீர்ப்பு வந்துவிடும். விசாரணை கிடையாது, சாட்சி கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. அபராதம் மட்டும் பல ஆயிரம் ரூபாய்.

அது உண்மையாக இருந்தால் பரவாயில்லை. பேட்டரிகளும் சாகத்தான் செய்கின்றன. ஆனால் அளந்து பார்க்காமல் சொல்லும்போது அது கண்டுபிடிப்பு ஆகாது, ஊகம். ஊகத்துக்கு ஆகும் செலவை ஊகித்தவர் கட்டுவதில்லை, வண்டிக்காரர் கட்டுகிறார். பழைய டிராக்டரின் சார்ஜிங் கோளாறைக் கண்டுபிடிப்பது ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் அரைமணி நேரமும் போதும். இருந்தும் அது ஏன் நடப்பதில்லை? அதுதான் இங்கே கேள்வி.

குப்பத்தில் டிராக்டருக்கு என்ன வேலை?

டிராக்டர் என்றதும் நெல் வயலும் கரும்பு லோடும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சென்னைக்காரர்கள் அவ்வளவு தூரம் போகவேண்டாம். பெசன்ட் நகரில் எலியட்ஸ் கடற்கரைக்கு வடக்கே, பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கும் கடலுக்கும் பக்கத்தில், அடையாறு முகத்துவாரத்துக்குத் தெற்கே இருப்பது ஊரூர் ஒல்காட் குப்பம். பெயரில் இருக்கும் ஒல்காட், பிரம்மஞான சபையை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட். 2015ல் தொடங்கிய ஊரூர் ஒல்காட் குப்பம் விழாவுக்குப் பிறகு, பேப்பர் படிக்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்த பெயர் இது. கச்சேரி நடந்தது செய்தியானது. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாட்களும் அங்கே நடக்கும் வேலை யாருக்கும் செய்தி இல்லை.

காசிமேட்டில் இருப்பதுபோல் இந்தக் கரையில் துறைமுகம் கிடையாது. அலையைத் தாண்டி வரும் படகு நேரே மணலில்தான் ஏறவேண்டும். கட்டுமரக் காலத்தில் மரங்களைக் கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். ஃபைபர் படகு வந்தபிறகு அது முடியாது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாகவே ஏராளமான ஃபைபர் படகுகள் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தன. படகு, எஞ்சின், வலை, மீன் எல்லாம் சேர்ந்த கனத்தை மணலில் இழுக்க ஒன்று பத்துப் பேர் தோள் வேண்டும், இல்லையென்றால் ஒரு டிராக்டர் வேண்டும். துறைமுகமில்லாத கரைகளில் படகை மேடேற்ற டிராக்டர் கட்டி இழுப்பது இப்போது வழக்கமான காட்சி.

இந்த வேலைக்கு யாரும் ஷோரூம் டிராக்டரைக் கொண்டுவந்து உப்புத் தண்ணீரில் இறக்கமாட்டார்கள். உழவு வேலையில் தேய்ந்து கைமாறி வந்த பழசுதான் வரும். அதன் வாழ்க்கையில் சார்ஜிங் கோளாறு என்பது 'வந்தால்' இல்லை, 'எப்போது' என்பதுதான்.

வயலில் டிராக்டர் நின்றால் நாளைக்கு உழுதுகொள்ளலாம். கரையில் நின்றால் அலை காத்திருக்காது, ஏலம் காத்திருக்காது, ஐஸ் இல்லாத கூடையில் மீனும் காத்திருக்காது. படகின் பின்பக்கம் ஒவ்வொரு அலையும் வந்து மோதிக்கொண்டிருக்கும். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால் மணலில் இறக்கமான ரோடு எங்கே இருக்கிறது?

நோயை மறைக்கும் எஞ்சின்

பெட்ரோல் வண்டியில் சார்ஜ் ஏறாவிட்டால் சீக்கிரம் தெரிந்துவிடும். ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் வேண்டும், அது குறைந்ததும் எஞ்சின் இருமும். பழைய டீசல் டிராக்டர் அப்படி இல்லை. காற்றை அழுத்திய சூட்டிலேயே டீசல் எரிகிறது. பம்ப்பும் இன்ஜெக்டரும் முழுக்க மெக்கானிக்கல். ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. நிறுத்துவதற்குக்கூட பல வண்டிகளில் ஒரு கம்பியை இழுத்தால் போதும்.

இது பெரிய வசதி. மோசமான ஏமாற்றும் இதுதான். டைனமோ செத்து ஒரு வாரம் ஆகியிருந்தாலும் வண்டி கம்பீரமாக ஓடும். மீட்டர் போர்டில் இருக்கும் சார்ஜ் பல்ப் எப்போதோ ஃபியூஸ் போயிருக்கும், ஆம்பியர் முள் பல வருடமாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஓட்டுபவருக்கு ஒரு அறிகுறியும் தெரியாது. ஒருநாள் அணைத்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பும்போது தான் 'டிக்'. அந்த நேரத்தில் கண்ணுக்கு முன்னால் தோற்று நிற்பது பேட்டரி. பழியும் அதன் மேல்தான்.

வரவு, செலவு, இருப்பு

பி.காம். முதல் வருடம் படித்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது ரொம்பச் சுலபம். பேட்டரி ஒரு சேமிப்புக் கணக்கு. அது மின்சாரத்தைச் சம்பாதிப்பதில்லை, போட்டதை வைத்திருந்து கேட்டால் தருகிறது, அவ்வளவுதான். சம்பாதிப்பது டைனமோ அல்லது ஆல்டர்னேட்டர். எவ்வளவு வரவு வைக்கலாம் என்று பார்த்துக்கொள்வது கட்-அவுட் பெட்டி அல்லது ரெகுலேட்டர். பெரிய செலவாளி செல்ஃப் மோட்டார். நடுவில் இருக்கும் ஒயரும் டெர்மினலும் பணத்தைக் கொண்டுபோகும் ஆட்கள். துரு ஏறிய டெர்மினல் வழியிலேயே கமிஷன் அடிக்கும் ஆள்.

கணக்கில் இருப்பு பூஜ்யம் என்றால் என்ன செய்யவேண்டும்? வருமானம் நின்றதா, செலவு கூடியதா, நடுவில் யாராவது எடுத்தார்களா என்று பேரேட்டைப் பார்க்கவேண்டும். 'பேட்டரியை மாத்து' என்பது, "இந்த பேங்கே சரியில்லை, வேறு பேங்கில் கணக்குத் திற" என்று சொல்வது மாதிரி!

ஒரு சின்னக் கணக்கு. செல்ஃப் மோட்டார் ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய 200 ஆம்பியர் வீதம் 5 விநாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1000 ஆம்பியர்-விநாடி செலவு. டைனமோ 10 ஆம்பியர் வரவு வைத்தால் 100 விநாடியில் திரும்பிவிடும். வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பிரமாதம். ஆனால் பழைய டைனமோ மெதுவாகச் சுற்றும்போது கட்-அவுட்டை மூடவைக்கும் அளவு வோல்டேஜே வராது. ஐட்லிங்கில் வரவு பூஜ்யம்.

இப்போது கரையில் நடக்கும் வேலையைப் பாருங்கள். ஸ்டார்ட், ஒரு படகை இழு, நிறுத்து. அடுத்த படகு வரும்வரை சும்மா இரு. மறுபடி ஸ்டார்ட். விடியும் முன் வேலை என்றால் ஹெட்லைட் வேறு. எல்லா பாகமும் ஆரோக்கியமாக இருந்தாலே இருப்பு குறைந்துகொண்டு போகக்கூடிய வேலை இது. இதில் டைனமோவும் சோம்பல்பட்டால் கேட்கவே வேண்டாம்.

"புதுசு போட்டதும் ஓடுதே!"

மாற்றிப் பார்க்கும் கட்சியின் பெரிய ஆயுதம் இதுதான். "புது பேட்டரி போட்டேன், வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆச்சு. அப்போ பேட்டரிதானே கோளாறு?"

இல்லை. புது பேட்டரி சார்ஜ் ஏற்றிய நிலையில் கடையிலிருந்து வருகிறது. 75 ஆம்பியர்-மணி பேட்டரி என்று வையுங்கள். மேலே சொன்ன ஒரு ஸ்டார்ட்டுக்கு 0.28 ஆம்பியர்-மணி போகும். ஒரு நாளைக்கு 20 ஸ்டார்ட் என்றால் 5.6. சார்ஜிங் அடியோடு செத்துக் கிடந்தாலும் பேட்டரி பாதி காலியாக ஆறேழு நாள் ஆகும். ஹெட்லைட் தினம் ஒரு மணி நேரம் 10 ஆம்பியர் எடுத்தால் இரண்டரை நாள். அதற்குப் பிறகும் சில நாள் எப்படியோ இழுக்கும். ஆக, டைனமோ பிணமாக இருந்தாலும், பேட்டரி விற்றவர் சில நாள் வரை மேதையாகத் தெரிவார்!

பிறகு வண்டி மறுபடி நிற்கும். அப்போது சொல்லப்படுவது: "டூப்ளிகேட் பேட்டரி மாட்டிக்கிச்சுண்ணா." அல்லது, "பேட்டரி சரியா இருக்கு, டைனமோ போச்சு." டைனமோ மாறும். இன்னும் சில நாள். "கட்-அவுட் போச்சு." அதுவும் மாறும். கடைசியில் எவனோ ஒருவன் எர்த் ஒயரின் போல்ட்டைக் கழற்றி, உப்புக்காப் பேப்பர் போட்டுத் தேய்த்து மாட்டுவான். வண்டி சரியாகிவிடும். அதற்குள் மூன்று பாகங்களின் விலை போயிருக்கும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. லெட்-ஆசிட் பேட்டரியை அரைகுறை சார்ஜிலேயே விட்டுவைத்தால் தகடுகளின் மேல் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாது. உண்மையான கோளாறைச் சரிசெய்யாமல் மாட்டிய புது பேட்டரி, உண்மையாகவே செத்துப்போகும். முதலில் சொன்ன பொய் சில மாதத்தில் உண்மையாகிவிடும். ஜோசியருக்குக்கூட இந்த வசதி கிடையாது.

அளந்தால் என்ன தெரியும்?

12 வோல்ட் சிஸ்டம், நெகட்டிவ் எர்த் என்ற கணக்கில் இது. (அந்தக்கால பிரிட்டிஷ் டிசைன் வண்டிகள் சிலவற்றில் பாசிட்டிவ் எர்த் இருக்கும். முதலில் எந்த டெர்மினல் பாடியில் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.)

1. கண்ணும் கட்டைவிரலும். ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்தினால் ஒரு அரை அங்குலம் போல உள்ளே போகலாம். அதற்குமேல் தொளதொளவென்றால் டைனமோவை அது சுற்றுவதில்லை, தடவிக்கொடுக்கிறது. டெர்மினலில் வெள்ளைப் பூ, செம்பில் பச்சைக் களிம்பு இருந்தால் சுடுதண்ணீரும் சமையல் சோடாவும் போட்டுக் கழுவி, தேய்த்து, மாட்டி, மேலே வாஸ்லைன் தடவவேண்டும். கடற்கரையில் பாதி வியாதி இதிலேயே தீரும். (பேட்டரி பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது. அதிலிருந்து வருவது ஹைட்ரஜன்.)

2. எஞ்சின் ஓடாமல், சில மணி நேரம் சும்மா இருந்த பேட்டரியின் வோல்டேஜ். 12.6க்கு மேல் என்றால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்குக் கீழே என்றால் காலி. காலி என்றால் செத்தது என்று அர்த்தம் இல்லை! வெளியே சார்ஜ் ஏற்றி மறுபடி அளக்கவேண்டும். முழுக்க ஏற்றியும் 10.5 பக்கமே நின்றால் ஒரு செல் போயிருக்கிறது. மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஹைட்ரோமீட்டர் இன்னும் தெளிவாகச் சொல்லும். ஐந்து செல் 1.260, ஒன்று மட்டும் 1.180 என்றால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. இப்போது 'பேட்டரி போச்சு' என்று சொல்லலாம். தாராளமாகச் சொல்லலாம்.

3. செல்ஃப் அடிக்கும்போது. சார்ஜ் உள்ள பேட்டரியின் வோல்டேஜ் 9.6க்குக் கீழே விழக்கூடாது. விழுந்தால் பேட்டரி பலவீனம் அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. விழாமல் 12ஐ ஒட்டியே நின்று, செல்ஃபும் சுற்றவில்லை என்றால் மின்சாரம் செல்ஃபுக்குப் போகவே இல்லை. டெர்மினல், ஸ்விட்ச், எர்த் இவற்றைத்தான் பார்க்கவேண்டும். காதில் விழுவது எல்லாவற்றுக்கும் ஒரே 'டிக்'. மீட்டருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும்.

4. எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரியில் அளப்பது. 13.8லிருந்து 14.5 வரை இருந்தால் வரவு சரி. ஹெட்லைட் போட்டாலும் 13.5க்கு மேல் நின்றால் நல்லது. ஓடாதபோது இருந்த அதே 12 சொச்சம் என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் கொதித்துத் தீர்ந்துவிடும்.

5. வழியில் கமிஷன். எஞ்சின் ஓடி, விளக்கு எரியும்போது மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் அவுட்புட் போல்ட்டிலும், இன்னொன்றை பேட்டரியின் பாசிட்டிவ் கட்டையிலும் (கிளாம்ப்பில் இல்லை, ஈயக் கட்டையில்) வைக்கவேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ துருவோ தளர்ந்த இணைப்போ இருக்கிறது. அதேபோல ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கட்டைக்கும். இங்கே 0.2க்கு மேல் போகக்கூடாது. உப்புக் காற்றில் வாழும் வண்டிக்கு இந்த ஒரு சோதனைக்குத் தங்கத்தில் மோதிரம் போடலாம்.

6. சார்ஜ் பல்ப். சாவியைத் திருப்பியதும் எரியவேண்டும், எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் அந்த பல்ப் வழியாகப் போகும் சின்ன மின்சாரம்தான் ரோட்டாரை முதலில் காந்தமாக்குகிறது. பல்ப் ஃபியூஸ் போனால் ஆல்டர்னேட்டர் நல்லதாக இருந்தும் வேலையை ஆரம்பிக்காமல் இருக்கலாம். ஒரு டீயின் விலையில் கிடைக்கும் பல்புக்காக எத்தனை ஆல்டர்னேட்டர்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

7. டைனமோ வண்டி என்றால். D, F என்ற இரண்டு ஒயரையும் டைனமோவிலிருந்து கழற்றி, அந்த இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து, அங்கிருந்து பாடிக்கு மீட்டரைப் பிடித்து, எஞ்சினை மெல்ல மெல்லத் தூக்கவேண்டும். வோல்டேஜ் சரசரவென்று ஏறி 15ஐத் தாண்டினால் டைனமோ நலம், நோய் கட்-அவுட் பெட்டியிலோ ஒயரிலோ. (ஏறுகிறதே என்று ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டே போகக்கூடாது.) ஒன்றுமே வராவிட்டால் முதலில் கார்பன். 1 வோல்ட்டுக்குள்ளேயே நின்றால் ஃபீல்டு காயில். பாதியில் நின்றால் ஆர்மேச்சர். ஒரே அளவில் மூன்று பதில்.

8. ராத்திரித் திருட்டு. சாயங்காலம் நிறைந்திருந்தது, காலையில் காலி என்றால், எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கட்டைக்கும் கேபிளுக்கும் நடுவில் ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டவேண்டும். எரிந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஆல்டர்னேட்டரில் ஷார்ட் ஆன டயோடும், கட்-அவுட்டில் ஒட்டிக்கொண்ட பாயின்ட்டும் இந்த வேலையைச் செய்யும்.

எட்டு சோதனை. இதில் ஏதாவது ஒன்றுக்கு இன்ஜினியரிங் டிகிரி தேவையா?

டெர்மினலைப் பிடுங்கும் வித்தை

இதற்கு நடுவே ஒரு 'பாரம்பரிய' சோதனையையும் சொல்லியாகவேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைப் பிடுங்குவது. எஞ்சினும் விளக்கும் அணையாவிட்டால் டைனமோ நல்லது என்று தீர்ப்பு. பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

டீசல் எஞ்சின் எப்படியும் அணையாது, அதனால் அந்தப் பாதி சோதனைக்கு அர்த்தமே இல்லை. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் இது சோதனையே அல்ல, கொலை முயற்சி. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரியை உருவினால் வோல்டேஜ் ஒரு கணம் எங்கேயோ எகிறும். டயோடுகளும் ரெகுலேட்டரும் அதில் எரியலாம். பிடுங்கும்வரை நன்றாக இருந்த ஆல்டர்னேட்டர், பிடுங்கியபின் "போச்சு பாருங்க, அப்பவே சொன்னேன்" ஆகிவிடும். கையில் தீப்பொறி, கீழே ஹைட்ரஜன். தைரியம் என்று இதைப் பாராட்டுவதை முதலில் நிறுத்தவேண்டும்.

கேட்கப்படும் சாக்குகள்

"இருபது வருஷ அனுபவம், சத்தத்திலேயே தெரியும்." அனுபவம் பெரிய சொத்து. எங்கே முதலில் அளப்பது என்று அது சொல்லும். அளக்கவே வேண்டாம் என்று எந்த நல்ல அனுபவமும் சொல்லாது. நாடி பிடித்துப் பார்க்கும் டாக்டரும் பி.பி. மெஷினைத் தூக்கிப் போட்டுவிடவில்லை.

"மீன் வந்து நிக்குது, அளக்க நேரம் எங்கே?" நியாயம். அந்த நேரத்துக்கு இன்னொரு பேட்டரியை ஜம்ப்பர் கேபிளால் கொடுத்து ஸ்டார்ட் செய்யட்டும், படகு ஏறட்டும். ஏலம் முடிந்தபின் மத்தியானம் முழுக்க நேரம் இருக்கிறதே. அவசரத்தில் செய்த ஏற்பாட்டையே வைத்தியம் என்று பில் போடுவதுதான் தவறு.

"பழைய வண்டிக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?" பழைய வண்டியில்தான் இது சுலபம். கம்ப்யூட்டர் இல்லை, சென்சார் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை. ஏழெட்டு ஒயர், அவ்வளவுதான். அதுமட்டுமா, இந்தச் சாமான்கள் எதுவும் வெளிநாட்டு மர்மம் அல்ல. மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் செய்த டாஃபே 1960ல் இதே சென்னையில் தொடங்கிய கம்பெனி. செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் செய்த லூகாஸ் டி.வி.எஸ். 1961ல் தொடங்கியது, பாடியில் பஸ் நிறுத்தத்துக்கே அந்தப் பெயர்தான். பழைய பாகம் வேண்டுமென்றால் புதுப்பேட்டை இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் டிராக்டர் மெக்கானிக் என்று தனிப் பிரிவே இருக்கிறது. செய்த ஊரிலேயே அதைச் சோதிக்கத் தெரியாது என்றால் யாரிடம் போய் முறையிடுவது?

சரி, குற்றவாளி யார்?

இதுவரை படித்தவர்கள், பழி முழுக்க மெக்கானிக் மேல் என்று நினைத்திருந்தால், இனிமேல்தான் விஷயமே.

1973ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஒருவகைச் சரக்கைத் தனியாகப் பிரித்துக் காட்டினார்கள். வாங்கியபிறகும், பயன்படுத்திய பிறகும்கூட, அது தேவைதானா என்று வாங்கியவரால் கண்டுபிடிக்க முடியாத சரக்கு. நம்பிக்கைச் சரக்கு என்று தமிழில் சொல்லலாம். ரிப்பேர் வேலை அதற்கு அச்சு அசல் உதாரணம். என்ன கோளாறு என்று சொல்பவரும், அதைச் சரிசெய்யும் பாகத்தை விற்பவரும் ஒரே ஆள். வைத்தியரே மருந்துக்கடையும் வைத்திருக்கிறார். பழைய பேட்டரியின் ஈயத்துக்கும் விலை உண்டு என்பதால் அந்தப் பக்கமும் வரவு.

ஆனால் இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர் யார்? ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் உண்மையாகவே வந்து, அரைமணி நேரம் அளந்து, எர்த் போல்ட்டைத் தேய்த்து மாட்டிவிட்டு 500 ரூபாய் கேட்கட்டும். என்ன பதில் வரும்? "ஒரு போல்ட்டைத் தேச்சதுக்கு ஐநூறா? என்னப்பா இது, பார்த்ததுக்கெல்லாம் காசா?" அதே ஆள் பல ஆயிரத்துக்கு பேட்டரி மாற்றிக் கூலியாக 500 வாங்கினால் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். கையில் கனமாக ஒரு பொருள் வந்ததே, அந்தத் திருப்தி.

பாகத்துக்குக் காசு உண்டு, அறிவுக்குக் கிடையாது. இதைப் பத்துத் தடவை அனுபவித்த மெக்கானிக் என்ன செய்வார்? மீட்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு பேட்டரி விற்பார். அவருக்கும் வாடகை இருக்கிறது, பிள்ளைக்கு ஃபீஸ் இருக்கிறது. நேர்மையாக அளந்தவர் நஷ்டப்பட்டு வெளியே போக, அளக்காதவர் நிலைத்து நிற்கிறார். மிச்சம் பிடிப்பதாக நினைத்து கஸ்டமர் சேமித்த அந்த 500தான் அவர் தலையில் பல ஆயிரமாக வந்து இறங்குகிறது.

அளப்பதற்குக் காசு கொடுக்காத ஊரில் மாற்றிப் பார்ப்பதற்குத்தான் காசு போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

உலகத்தில் இன்றைக்கு டிராக்டர் ரிப்பேர் பெரிய அரசியல். அமெரிக்காவில் புதிய டிராக்டர்களின் கோளாறைக் கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேரைக் கம்பெனிகள் தங்கள் டீலர்களிடமே வைத்துக்கொள்வதை எதிர்த்து விவசாயிகள் போராடுகிறார்கள். கொலராடோ மாநிலம் 2023ல் விவசாயக் கருவிகளுக்கென்று பழுதுபார்க்கும் உரிமைச் சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் எஃப்.டி.சி., ஜான் டியர் கம்பெனி மீது இதற்காகவே வழக்குத் தொடுத்தது. இந்தியாவிலும் நுகர்வோர் துறை 2022ல் இதற்கு ஒரு கமிட்டி போட்டது, அதே டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. அதில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் ஒன்று விவசாயக் கருவிகள்.

அங்கே பூட்டு சாஃப்ட்வேரில் இருக்கிறது. இங்கே கரையில் நிற்கும் பழைய டிராக்டரில் பூட்டே இல்லை, எல்லா போல்ட்டும் ஸ்பேனருக்குத் திறக்கும். இருந்தும் அதன் சொந்தக்காரர், சாஃப்ட்வேர் பூட்டுக்கு முன்னால் நிற்கும் விவசாயி மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

நிற்கத் தேவையில்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபார நோக்கத்துக்கு வாங்குபவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவருக்கு அதில் தெளிவாக விலக்கு இருக்கிறது. தன் டிராக்டரைத் தானே ஓட்டிப் பிழைப்பவரும் நுகர்வோர்தான். விற்ற பொருளுக்கோ செய்த வேலைக்கோ பில் தராமலிருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பில்லே வாங்காமல் "அண்ணன் தெரிஞ்ச ஆளு" என்று கொடுத்துவிட்டு வந்தால் எந்தச் சட்டம் வந்து காப்பாற்றும்?

என்னதான் செய்யவேண்டும்?

வண்டி வைத்திருப்பவர்கள் இனிமேல் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "எவ்வளவு வோல்ட் காட்டுச்சு?" பதில் ஒரு எண்ணாக இல்லாவிட்டால் பர்ஸைத் திறக்கவேண்டாம். எண் வந்தால், அதைக் கண்டுபிடித்தவருக்கு அளந்த கூலியை முகம் கோணாமல் கொடுக்கவேண்டும், பாகம் எதுவும் மாறாவிட்டாலும். மாறாததற்காகவே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தாலும் தப்பில்லை.

மெக்கானிக்குகள் பில்லில் இரண்டு வரி எழுதலாம். சோதனைக்குக் கூலி இவ்வளவு, பாகத்துக்கு இவ்வளவு. கூடவே வேலைக்கு முன் எத்தனை வோல்ட், வேலைக்குப் பின் எத்தனை வோல்ட். கழற்றிய பழைய பாகத்தை வண்டிக்காரர் கையில் காட்டவேண்டும்.

குப்பத்துக்கு ஒரு மீட்டரும் ஒரு ஹைட்ரோமீட்டரும் வாங்கிப் போட்டால் ஒரு பேட்டரி விலையில் ஒரு சின்னப் பங்குகூட ஆகாது. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே கடல் நாளைக்கு எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரிந்தவர்களுக்கு, 12.6க்கும் 11.8க்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது பெரிய வேலையா என்ன?

அடுத்த தடவை யாராவது பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு "பேட்டரி போச்சு" என்றால், அவரிடம் மீட்டரைக் கொடுங்கள். வாங்கி அளந்தால் அவர் மெக்கானிக். வாங்க மறுத்தால் அவர் பேட்டரி வியாபாரி.